ஒரு பூஜ்யம், இருநூறு டிகிரி

சூளையைக் கணினியில் ஓட்டிப் பார்ப்பது பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும், தரவை எந்த வடிவத்தில் எழுதி வைப்பது என்ற கேள்வி கூட்டம் கலைகிற நேரத்தில்தான் வரும். பதிலும் கைவசம் இருக்கும்: “எக்செல் தாளில் போட்டு வையுங்கள், இல்லாவிட்டால் சிஎஸ்வி. யாராலும் திறக்க முடியும். வடிவத் தரம், விதிமுறை எல்லாம் வானிலைத் துறைக்கும் விண்வெளித் துறைக்கும் சரி. பத்துப் பேர் வேலை செய்யும் பீங்கான் பட்டறைக்கு எதற்கு?”

கேட்பதற்கு இது அடக்கமான பேச்சு. செலவைக் குறைக்கும் யோசனை போலவும் இருக்கும். அதனால் யாரும் மறுப்பதில்லை. நான் மறுக்கிறேன். பெரிய ஆய்வகத்தில் ஒரு கோப்பு புரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ள அடுத்த அறையில் ஆள் உண்டு. சின்னப் பட்டறையில் அளவெடுத்தவர் வேலையை விட்டு நின்றால், அவர் எழுதாமல் விட்டது அவரோடு போய்விடும். தரவு வடிவத்தில் ஒழுங்கு யாருக்கு முதலில் வேண்டும் என்று கேட்டால், விருத்தாசலம் போன்ற ஊருக்குத்தான்.

எதிர்த்தரப்பில் நியாயமே இல்லை என்று சொல்லவில்லை. கடலூர் மாவட்டத்தின் இந்த ஊரில் செராமிக் தொழில் என்பது பெரும்பாலும் சிறு பட்டறைகள்தான். பக்கத்து நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடக்கும் களிமண், தொழிற்பேட்டை, செராமிக் தொழில்நுட்பத்தில் டிப்ளமோ தரும் அரசு நிறுவனம், பொம்மையும் அகல் விளக்கும் ஃப்யூஸ் கேரியரும் செய்யும் கைகள் என்று எல்லாம் சேர்ந்துதான் ஊருக்கு இந்தப் பெயர். இங்கே கணினி நிபுணரைச் சம்பளத்துக்கு வைக்க யாராலும் முடியாது. எக்செல்லோ அதன் இலவச மாற்றோ இல்லாத கணினியும் கிடையாது. சிஎஸ்வி கோப்பை நோட்பேடில் திறந்து கண்ணாலேயே படிக்கலாம்; ஐம்பது வருடம் கழித்தும் அது திறக்கும். இவ்வளவும் உண்மை. திறந்த பிறகு உள்ளே இருப்பது புரியுமா என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

சூளைக்குள் வைக்கும் கோனையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியில் ஹெர்மன் ஸேகர் 1886-இல் உருவாக்கியது அது. பத்தாண்டு கழித்து அமெரிக்காவின் ஒஹாயோவில் எட்வர்ட் ஆர்ட்டன் தன் வரிசையைச் செய்யத் தொடங்கினார். கனிமப் பொடிகளைக் கலந்து பிடித்த அந்தச் சிறு கூம்பு தெர்மாமீட்டர் மாதிரி வெப்பநிலையை மட்டும் காட்டுவதில்லை. எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் பட்டது என்ற இரண்டையும் சேர்த்துக் கணக்குப் பார்த்துத்தான் சாய்கிறது. அதன் எண் வரிசை விசித்திரமானது. 022-இல் தொடங்கி 01 வரை முன்னால் பூஜ்யத்தோடு ஏறும். அதற்குப் பிறகு 1, 2, 3 என்று பூஜ்யமில்லாமல் ஏறும். மணிக்கு 60 டிகிரி வேகத்தில் சூடேற்றினால் ஆர்ட்டனின் 06 கோன் ஏறத்தாழ 1000 டிகிரி செல்சியஸில் சாயும். 6 கோன் சாய ஏறத்தாழ 1220 டிகிரி வேண்டும்.

இப்போது சுடுதல் பதிவு ஒன்றில் 06 என்று எழுதி சிஎஸ்வி கோப்பாகச் சேமியுங்கள். அதையே எக்செல்லில் இரட்டைச் சொடுக்கில் திறந்து பாருங்கள். 6 என்று இருக்கும். பல பதிப்புகளில் எச்சரிக்கைகூட வராது, சிவப்புக் கோடும் விழாது. யாராவது வேறு ஒரு கட்டத்தைத் திருத்திவிட்டுச் சேமித்தால், பூஜ்யம் கோப்பிலிருந்தே நிரந்தரமாகப் போய்விடும். 1000 டிகிரிக்கான மண்ணை 1220-க்கு ஏற்றினால் பொம்மை அப்படியே உட்கார்ந்துவிடும், கிளேஸ் வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். சூளையைப் பற்ற வைக்கவே வேண்டாம். அந்தத் தாளை வைத்துக் கணினி மாதிரியைச் சரிபார்த்தாலே போதும், மாதிரி இருநூறு டிகிரிப் பொய்யைக் கற்றுக்கொண்டுவிடும். ஸேகர் வரிசையின் எண்ணும் ஆர்ட்டன் வரிசையின் எண்ணும் ஒரே சூட்டைக் குறிப்பதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். யாருடைய கோன் என்று எழுதாத எண் பாதி எண்தான்.

“கவனமாக இருந்தால் இதெல்லாம் நடக்காது” என்பார்கள். உலகில் மிகக் கவனமாக வேலை செய்கிறவர்கள் என்று பெயரெடுத்தவர்களுக்கு நடந்திருக்கிறது. மரபணுக்களின் பெயர்கள் சிலவற்றை எக்செல் தேதியாக மாற்றிவிடும். ‘செப்ட்2’ என்ற மரபணு செப்டம்பர் 2 ஆகிவிடும். எக்செல் மரபணுப் பட்டியல்களை இணைப்பாகத் தந்த ஆய்வுக் கட்டுரைகளை 2016-இல் சோதித்தபோது, ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்தது. மென்பொருள் திருந்தக் காத்திருந்து அலுத்த மனித மரபணுப் பெயரிடல் குழு, 2020-இல் மரபணுக்களின் பெயர்களையே மாற்றியது. அதே ஆண்டு இங்கிலாந்தில் செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையில் 15,841 கோவிட் தொற்றுகள் அன்றாட எண்ணிக்கையில் விடுபட்டுப் போயின. ஆய்வகங்கள் அனுப்பிய சிஎஸ்வி கோப்புகளைப் பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத் தாள்களில் ஏற்றினார்கள். அந்தத் தாளில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லை. மிஞ்சியது சத்தமில்லாமல் வெளியே விழுந்தது. தொற்று உள்ளவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை அத்தனை நாள் பிந்தியது. இதற்கெல்லாம் கவனக்குறைவு மட்டும் காரணமில்லை. இது எண், இது எழுத்து, இது தேதி என்று சொல்ல சிஎஸ்வியில் இடமே கிடையாது. அதன் இலக்கணத்தை 2005-இல் எழுதி வைத்த ஆர்எஃப்சி 4180 என்ற ஆவணமும் காற்புள்ளி, மேற்கோள் குறி, வரி முடிவு பற்றித்தான் பேசுகிறது. பொருளைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

கோப்பு வடிவம் என்ற ஒரே பெயருக்குள் இரண்டு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. கட்டம் ஒன்று, அதை எப்படி நிரப்புவது என்ற ஒப்பந்தம் மற்றொன்று. ஜாதகம் பார்க்கும் வீட்டில் இதை விளக்கவே வேண்டாம். பன்னிரண்டு கட்டம் தமிழ்நாடு முழுக்க ஒன்றுதான். வாக்கியப்படி கணித்ததா, திருக்கணிதப்படி கணித்ததா என்று குறிக்காவிட்டால், சனி எந்த வீட்டில் இருக்கிறார் என்பதிலேயே சண்டை வரும். “எக்செல் போதும்” என்பவர்கள் கட்டத்தைக் கொடுத்துவிட்டு, எந்தப் பஞ்சாங்கம் என்பதை வாய்மொழிக்கு விட்டுவிடுகிறார்கள்.

சூளைப் பதிவில் ‘வெப்பம்’ என்று தலைப்பிட்ட ஒரு பத்தியில் அந்த வாய்மொழிக்கு எவ்வளவு போகிறது என்று பாருங்கள். கே வகைத் தெர்மோகப்பிளா, பிளாட்டினத்தில் செய்த எஸ் வகையா? அது சூளையின் மேலே இருந்ததா, அடித்தட்டின் பக்கமா? பதிவானது கருவி அளந்த சூடா, நாம் கன்ட்ரோலரில் வைத்த இலக்கா? நிமிடத்துக்கு ஒன்று என்றால் அந்த நொடியின் அளவா, அந்த நிமிடத்தின் சராசரியா? ராத்திரி பன்னிரண்டைத் தாண்டும் சுடுதலில் 00:30 என்பது எந்த நாள்? 03/04 என்பது மூன்றாம் தேதியா, நான்காம் தேதியா? பதிவெடுத்தவருக்கு அன்றைக்கு எல்லாப் பதிலும் தெரியும். ஆறு மாதம் போனால் அவருக்கே சந்தேகம் வரும்.

இதுவரை சொன்னது அளவெடுத்த தரவு. கணினிப் பரிசோதனைக்குள் நுழைந்தால் சிக்கல் இன்னும் கூடும். இன்றைக்கு டிப்ளமோ மாணவர் ஒருவர்கூடத் தன் மடிக்கணினியில் ஓப்பன்ஃபோம், எல்மர் போன்ற இலவச மென்பொருள்களைக் கொண்டு சூளைக்குள் சூடு பரவுவதைக் கணக்கிடலாம். அவர் என்னென்ன முடிவு எடுக்க வேண்டியிருக்கும்? களிமண்ணில் உள்ள கயோலினைட் 450-க்கும் 600-க்கும் இடைப்பட்ட டிகிரிகளில் தன்னுள் பிணைந்த நீரை விடுகிறது. சுத்தமான கயோலினைட்டின் எடையில் ஏறத்தாழ 14 சதவீதம் அப்படிப் போகும். போகிறபோது சூட்டை விழுங்கும். 573 டிகிரியில் குவார்ட்ஸ் உருமாறும், அளவு மாறும், அவசரப்பட்டால் பொருள் விரிசல் விடும். இவற்றை மாதிரியில் சேர்த்தாரா, விட்டாரா? சூளைத் தட்டுகளின் எடையைக் கணக்கில் எடுத்தாரா? கணக்கீட்டின் நேர இடைவெளி எவ்வளவு? எந்தத் தீர்வு முறை? முடிவு மட்டும் ஒரு எக்செல் வரைபடமாக வந்தால், இத்தனை கேள்வியும் அந்த வழவழப்பான கோட்டுக்குப் பின்னால் மறைந்துவிடும்.

உயிரியல் கணிப்பாளர்கள் இதே குழியில் விழுந்து, ஏறி வர வழியும் தேடியிருக்கிறார்கள். பயோமாடல்ஸ் என்ற தரவகத்தைப் பராமரிப்பவர்கள் ஆய்விதழ்களில் வெளியான 455 கணித மாதிரிகளை எடுத்து, கட்டுரையில் சொன்னபடியே ஓட்டிப் பார்த்து 2021-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதி, கட்டுரையில் காட்டிய முடிவைத் தரவில்லை. விடுபட்ட அளவுரு, விடுபட்ட தொடக்க அளவு, தவறான குறி என்று சில்லறைக் காரணங்கள்தான். இந்தத் தொல்லைக்காகவே 2011-இல் செட்-எம்எல் என்ற தரம் வந்தது. அது மாதிரியையும் பரிசோதனையையும் பிரித்து எழுதச் சொல்கிறது: எந்த மாதிரி, அதில் எதை மாற்றினோம், எந்த முறையில் எவ்வளவு நேரம் ஓட்டினோம், எந்த எண்களைக் கொண்டு எந்த வரைபடம் போட்டோம் என்று தனித்தனியாக. உயிரணுவுக்கு வந்த அந்தத் தரத்தை அப்படியே சூளைக்குப் பொருத்த முடியாது. பிரித்து எழுதும் அந்த ஒழுக்கத்தைப் பொருத்தலாம். ஒரே சூளை மாதிரியில் பத்து விதமாகச் சுட்டுப் பார்ப்பதுதானே கணினிப் பரிசோதனை? மாதிரி ஒரு கோப்பு, பத்துச் சுடுதலும் பத்துக் குறிப்பு என்றிருந்தால், எதை மாற்றியதால் எது மாறியது என்று யாரும் பார்த்துச் சொல்லலாம்.

அளவும் ஒரு பிரச்சினை. ஒரு சூளையின் உள்வெளியை 200, 200, 300 என்று கூறு போட்டால் 1 கோடியே 20 லட்சம் சிறு பெட்டிகள் வரும். எக்செல் தாளில் 10,48,576 வரிசைதான். பெட்டிக்கு ஒரு வரிசை வைத்தால் ஒரே ஒரு கணத்தின் சூட்டை எழுதப் பன்னிரண்டு தாள் வேண்டும். பெட்டிக்கு நான்கு பைட் என்று சுருக்கமாக வைத்தாலும் ஒரு கணத்துக்கு 48 மெகாபைட்; இருபது மணி நேரச் சுடுதலில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சேமித்தால் ஏறத்தாழ 5.8 ஜிகாபைட். இந்த அளவுக்கு ஹெச்டிஎஃப்5 போன்ற வடிவம்தான் சரி: எண்களை அடுக்கு அடுக்காக வைத்து, சுருக்கி, வேண்டிய குறுக்குவெட்டை மட்டும் எடுத்துப் படிக்க விடும். அதன் மென்பொருள் நூலகம் இலவசம். ஆக, செலவு என்ற சாக்கும் இங்கே நிற்காது.

இந்த இடத்தில் எதிர்முனையிலிருந்து ஒரு கட்சி கை தூக்கும்: “அதான் சொன்னோமே, எல்லாவற்றையும் ஹெச்டிஎஃப்5-இல் போடுங்கள். அது தன்னைத் தானே விளக்கும் வடிவம்.” இவர்களையும் நம்பக் கூடாது. அந்த வடிவம் விளக்கம் எழுத இடம் கொடுக்கும். எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தாது. ‘டெம்ப்1’, ‘டெம்ப்2’, ‘புதுசு’, ‘கடைசி’ என்று பெயர் வைத்து, அலகு எழுதாமல், அதே குப்பையை அழகான பெட்டியில் அடைக்கலாம், அடைக்கவும் செய்கிறார்கள். இன்னொன்றும் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் ஹெச்டிஎஃப்5 கோப்பு முழுவதுமே திறக்காமல் போக வாய்ப்புண்டு. எழுத்துக் கோப்பில் கடைசி வரி மட்டும்தான் போகும். கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும் பட்டறையில் சூளைப் பக்கம் ஓடும் பதிவு எழுத்துக் கோப்பாக இருப்பதே புத்திசாலித்தனம். அதன் பக்கத்திலேயே ஒவ்வொரு பத்திக்கும் பொருள், அலகு, வகை சொல்லும் இன்னொரு சிறு கோப்பு வேண்டும். சிஎஸ்விக்கு இப்படித் துணைக்கோப்பு வைக்கும் முறையை உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2015-இலேயே பரிந்துரையாக வெளியிட்டிருக்கிறது. கணினி தரும் பெரிய கணக்கு மட்டும் ஹெச்டிஎஃப்5-க்கோ, அதன்மேல் கட்டிய நெட்சிடிஎஃப்-4-க்கோ போகட்டும்.

ஒப்பந்தம்தான் முக்கியம், பெட்டி அப்புறம் என்பதற்கு வானிலைக்காரர்களே சாட்சி. நெட்சிடிஎஃப் என்ற பெட்டி 1980-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. உலகின் பருவநிலை மாதிரிகளை ஒன்றோடொன்று ஒப்பிட முடிந்ததற்குப் பெரிய காரணம், அதற்கு மேலே எழுதிய சிஎஃப் என்ற விதிமுறை. ஒவ்வொரு மாறிக்கும் நிலையான பெயர், ஒவ்வொன்றுக்கும் அலகு, அந்த எண் ஒரு கணத்தின் அளவா, சராசரியா, உச்சமா என்று சொல்ல ஒரு குறிப்பு. புணேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் புவி மண்டல மாதிரி, சிமிப்6 என்ற உலக ஒப்பீட்டில் இந்தியாவிலிருந்து முதன்முதலாகக் கலந்துகொண்டது. அதன் எண்களை ஜெர்மனியிலும் ஜப்பானிலும் ஓடிய மாதிரிகளின் எண்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறதென்றால், எல்லாரும் ஒரே விதியில் எழுதியதால்தான்.

நம் மலையிலேயே இன்னொரு சாட்சி இருக்கிறது. கொடைக்கானல் சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனைப் படம் எடுத்து வருகிறது. ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட அந்தத் தகடுகளையும் படச்சுருள்களையும் இந்திய வானியற்பியல் நிறுவனம் எண்மமாக்கியிருக்கிறது. எடுத்த நேரம் தெரியாத சூரியப் படம் வெறும் வட்டம். அதில் சூரியனின் வடக்கு எந்தப் பக்கம் என்றுகூடச் சொல்ல முடியாது. வானியலாளர்களின் ஃபிட்ஸ் வடிவம் இந்த மாதிரி விவரங்களைப் படத்தின் தலைப்பகுதியில், மனிதர் படிக்கக்கூடிய எழுத்தில், படத்தோடு சேர்த்தே வைக்கிறது. அந்த வடிவத்தை 1979-இல் உருவாக்கியவர்கள் ஒரு சில வானியலாளர்கள்தான். ஒரு ஆய்வகத்தின் காந்த நாடாவை இன்னொரு ஆய்வகத்தில் படிக்க முடியவில்லை என்ற நடைமுறைத் தொல்லையிலிருந்து அது பிறந்தது. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் ஒப்புதல் பின்னால், 1982-இல் வந்தது.

“அரசு ஒரு தரம் கொண்டுவரட்டும், பிறகு பார்க்கலாம்” என்பவர்களுக்கு இந்த வரலாறே பதில். விமானங்களின் காற்றோட்டக் கணக்கீட்டுக்கான சிஜிஎன்எஸ் தரமும் 1994-இல் போயிங்கும் நாசாவும் தங்கள் தேவைக்காக உட்கார்ந்து பேசியதில் தொடங்கியதுதான். பயன்படுத்துகிறவர்கள் எழுதியது நிலைத்தது. மேலிருந்து இறங்கும் என்று காத்திருந்தவர்களுக்கு இறங்கவில்லை. பீங்கான்காரர்களுக்குத் தரம் என்பது புதிய சொல்லும் இல்லை. மேல்நிலை மின்கம்பிகளுக்கான பீங்கான் மின்காப்பான் ஐஎஸ் 731-இன்படி சோதனையில் தேறாவிட்டால் வாங்க ஆளில்லை. விற்கும் பொருளுக்குத் தரம் கேட்டால் தலையாட்டுகிற தொழில், அந்தப் பொருளைச் சுட்ட கணக்குக்குத் தரம் கேட்டால் மட்டும் ஏன் முகம் சுளிக்க வேண்டும்?

கடைசியாக ரகசியம் என்ற வாதம். “பொதுவான வடிவத்தில் எழுதினால் என் கிளேஸ் கலவை பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடும்.” தொழில் ரகசியம் காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் வடிவம் வேறு, வெளியிடுவது வேறு. கலவை என்ற இடத்தில் ‘வெளியிடப்படவில்லை’ என்று எழுதிவிட்டு மற்றதை முழுமையாக நிரப்பினால் போதும். இப்போதைய நிலையில் பக்கத்துப் பட்டறைக்கு மட்டுமா புரியவில்லை? அடுத்த வருடம் அதே பட்டறைக்கே புரிவதில்லை. அதை ரகசியம் என்று சொல்லிப் பெருமைப்படுவதில் அர்த்தமில்லை.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. ஊரின் செராமிக் தொழில்நுட்ப ஆசிரியர்கள் சிலர், சூளைப் பக்கம் நிற்கும் அனுபவசாலிகள் சிலர் சேர்ந்து ஒரே ஒரு பக்கம் எழுதட்டும். மண் எங்கிருந்து வந்தது, எந்தத் தொகுதி. சூளையின் வகை, எரிபொருள். தெர்மோகப்பிளின் வகையும் இடமும். கோன் யாருடையது, எந்த எண், அந்த எண்ணை எழுத்தாகவே சேமிக்க வேண்டும் என்ற விதி. சூடேற்றிய வேகம், நிறுத்தி வைத்த நேரம். காற்று நிறைய விட்ட சுடுதலா, குறைத்து விட்டதா. தேதியில் ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள். கணினியில் ஓட்டியதென்றால் மென்பொருளின் பெயரும் பதிப்பும், விட்டுவிட்ட இயற்பியல் எது என்ற ஒப்புதலும். சுடுதல் முடிந்து என்ன ஆயிற்று என்பதும் வேண்டும்: எத்தனை விரிசல், எந்தத் தட்டில். நெருப்பின் நிறம் பார்த்தே சொல்லும் அனுபவசாலி கவனித்ததையும் எழுத ஒரு இடம் விடலாம். இந்தப் பக்கம் முடிவான பிறகு அதைச் சிஎஸ்வியில் வைப்பதா, ஹெச்டிஎஃப்5-இல் வைப்பதா என்பது ஒரு மணி நேரப் பேச்சு. பக்கம் இல்லாமல் வடிவத்தை மட்டும் தேர்ந்தெடுத்தால், எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒன்றுதான்.

“முதலில் கணிப்பு மென்பொருள் வாங்குவோம், வடிவத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்கிறவரிடம் கேட்க ஒரே கேள்வி போதும்: கணினி சொன்ன சூடு சரியா என்று எந்தச் சுடுதலோடு ஒப்பிடப் போகிறீர்கள்? போன வருடம் சுட்டது, எந்த மண், எந்தக் கோன், தெர்மோகப்பிள் எங்கே என்று விவரம் தெரிந்த சுடுதல் ஒன்றாவது கையில் இருந்தால் ஒப்பிடலாம். இல்லாவிட்டால் மென்பொருள் சிவப்பும் மஞ்சளுமாக நல்ல படம் போட்டுக் கொடுக்கும். அதை நம்பி ஒரு தட்டுப் பொருளைக்கூடச் சூளையில் ஏற்ற முடியாது.